பரம்பரைமேல் போடும் பழி

“எங்க குடும்பத்துக்கே பல்லு நிக்காதுங்க” என்று சொல்பவர்களைத் தமிழ்நாட்டின் எந்தப் பல் மருத்துவமனையிலும் பார்க்கலாம். அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே பல்செட், பெரியப்பாவுக்கு அதற்கும் முன்னால். இப்போது தனக்கும் ஈறு இறங்கி முன்பற்கள் நீண்டு தெரிகின்றன. ஆகவே இது வம்சத்தோடு வந்தது, நிற்கிறவரை நிற்கட்டும் என்ற முடிவோடுதான் அவர் நாற்காலியில் உட்காருகிறார். முன்பெல்லாம் இது வீட்டுப் பெரியவர்களின் பேச்சாக மட்டும் இருந்தது. இன்று அறிவியலும் அதையே சொல்வதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ‘ஜெனடிக்’ என்று மருத்துவரே ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார். கேட்டவர் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். ஈறு நோயில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு, எந்தக் கட்டத்தில், எந்தச் சூழலில் என்று பார்க்காமல் அதை விதியாக்கிப் பேசுவது, காப்பாற்றக்கூடிய பற்களை லட்சக்கணக்கில் பறிகொடுக்க வைக்கிறது. பரம்பரைவாதத்துக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றைப் பொறுமையாகப் படித்தால் அவை எதிர்த்திசையில் கைகாட்டுவது தெரியும்.

முதலில் நோய் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் மெல்லிய பசைப்படலத்தில் பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. அந்தப் படலம் நாள்தோறும் அகற்றப்படாவிட்டால் ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். நார்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் 1965-இல் வெளியிட்ட சோதனை இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் அத்தனை பேருக்கும் மறைந்தது. நல்ல பரம்பரையில் வந்தவர் என்று யாரும் தப்பவில்லை; கெட்ட பரம்பரை என்று யாருக்கும் ஆறாமலும் போகவில்லை.

அடுத்த கட்டம்தான் சிக்கலானது. அழற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது சிலருக்கு அது ஈறோடு நின்றுவிடுகிறது. பலருக்கு உள்ளே இறங்கி, பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்களை அழித்து, எலும்பையும் கரைக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல் ஒரு பள்ளம் விழுகிறது. அப்படிக் கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. யாருக்கு ஈறோடு நிற்கும், யாருக்கு எலும்புவரை போகும் என்ற கேள்வியில்தான் மரபணு உள்ளே வருகிறது. பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பும் வெள்ளணுக்களும் அவை சுரக்கும் வேதிப்பொருட்களும் அளவு மீறினால், எலும்பைக் கரைக்கும் செல்களையும் அவை தூண்டிவிடும். இந்த எதிர்ப்பின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பிறப்பிலேயே வருவது.

இதற்குச் சான்றாக உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் ஆய்வு, தமிழர்களின் வாயில் செய்யப்பட்டது. 1970-இல் லோவின் குழு இலங்கை மலையகத்துக்குப் போய், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. 1985 வரை பலமுறை திரும்பிப் போய் அதே ஆட்களின் வாயை அளந்தது. அந்த மனிதர்கள் நாம் சொல்லும் பொருளில் பல் துலக்கியவர்கள் இல்லை. பல் மருத்துவம் எதுவும் அவர்களை எட்டியதில்லை. எல்லோருடைய பல்லிலும் பசைப்படலமும், அது இறுகி உண்டாகும் காரையும், கறையும் இருந்தன; எல்லோருக்கும் ஈறழற்சி இருந்தது. சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை.

1986-இல் வெளியான முடிவு இது: 8 சதவீதம் பேருக்கு நோய் அதிவேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில் போனது. 11 சதவீதம் பேருக்கு ஈறழற்சியைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. பல்லின் வேரிலிருந்து ஈறு எவ்வளவு பிடிப்பு இழந்திருக்கிறது என்பதுதான் இந்த நோயின் அளவுகோல். 45 வயதை நெருங்கியபோது அதிவேகப் பிரிவினரின் சராசரி இழப்பு சுமார் 13 மி.மீ. மிதப் பிரிவினருக்குச் சுமார் 7 மி.மீ. முதல் பிரிவினர் அந்த வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்திருந்தார்கள். இரண்டாம் பிரிவினர் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள். மூன்றாம் பிரிவினர் அநேகமாக ஒன்றையும் இழக்கவில்லை.

ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே உணவு, ஒரே அளவு அழுக்கு. முடிவு மட்டும் மூன்று விதம். ஆகவே காரணம் பிறப்பில்தான் இருக்க வேண்டும் என்று பரம்பரைவாதம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறது.

நிறுத்தக் கூடாது. முதலாவது, அந்த ஆய்வில் ஒருவருடைய மரபணுவும் சோதிக்கப்படவில்லை. மூன்று பிரிவுகளும் அளவுகோலால் பிரிக்கப்பட்டவை. பிறப்பில் வந்த வேறுபாடு அவற்றுக்குப் பின்னால் இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். பிறப்பு மட்டுமே காரணம் என்பது அந்த ஆய்வு சொல்லாத ஒன்று. இரண்டாவது, 8 சதவீதத்தின் அதிர்ச்சியில் 81 சதவீதத்தை மறந்துவிடுகிறோம். எந்தச் ‘சாபமும்’ இல்லாத சாதாரண உடல்வாகு கொண்ட மனிதர்கள் 45 வயதில் ஏழு பற்களை இழந்து நின்றார்கள். ஆக, 89 சதவீதம் பேரை நோய் எலும்புவரை தொட்டது. இதை அரிதான குடும்பக் குறை என்று எப்படிச் சொல்ல முடியும்? கவனிப்பே இல்லாத வாயில் இயல்பாக நடப்பது இதுதான்.

மூன்றாவதாக, அதே குழு 1969-இல் ஆஸ்லோவில் 565 நார்வேஜிய ஆண்களையும் இதே முறையில் பின்தொடரத் தொடங்கியிருந்தது. சிறு வயதிலிருந்து பள்ளியிலேயே பல் மருத்துவம் கிடைத்தவர்கள் அவர்கள். 40 வயதை நெருங்கும்போது அவர்களுடைய சராசரிப் பிடிப்பு இழப்பு 1.5 மி.மீ.க்குச் சற்று அதிகம். அதே வயதில் தேயிலைத் தொழிலாளருக்கு 4.5 மி.மீ. இந்த ஒப்பீடு 1978-இலேயே அச்சில் வந்துவிட்டது. நார்வேஜியரும் தமிழரும் வேறு வேறு மரபினர், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று ஒருவர் வாதிடலாம். அதற்கும் விடை மலையகத்திலேயே இருக்கிறது. 2010-இல் ஓர் ஆய்வுக் குழு திரும்பிப் போய், பழைய 480 பேரில் எஞ்சியிருந்த 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தது. 2017-இல் வெளியான அந்த நாற்பதாண்டுக் கணக்கு, ஒரே மக்களுக்குள் நோய் தொடங்குவதோடு புகைப்பழக்கத்தையும் காரையையும் சேர்த்துக் கண்டது. நோய் முற்றுவதோடு காரை, பசைப்படலம், ஈறழற்சி மூன்றையும் சேர்த்துக் கண்டது. இவை ஒவ்வொன்றும் அகற்றக்கூடியவை, குறைக்கக்கூடியவை.

அந்த 480 பேர் யார் என்பதையும் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனமில்லை. அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. லோவின் குழு அங்கே போய் இறங்கிய 1970-இல், யாருக்கு இலங்கைக் குடியுரிமை, யாருக்கு இந்தியக் குடியுரிமை என்று இரு அரசுகளும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் பல் மருத்துவம் எட்டாதது தற்செயல் இல்லை. இன்று இந்தியாவில் பல் மருத்துவம் படிக்கும் மாணவர் 8, 81, 11 என்ற எண்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். ஆய்வின் தலைப்பில் ‘இலங்கைத் தொழிலாளர்’ என்று மட்டும் இருப்பதால், அது தன்னைப் போல் தமிழ் பேசியவர்களின் கதை என்பதே பல தமிழ் மாணவர்களுக்குத் தெரியாது. நிலமும் உரிமையும் மருத்துவரும் மறுக்கப்பட்டவர்களின் வாயில் நடந்த சேதத்தை எடுத்து, ‘பார், எல்லாம் பிறப்பு’ என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

அடுத்து இரட்டையர் ஆய்வுகளைக் காட்டுவார்கள். 1991-இல் அமெரிக்காவில் மைக்கேலோவிச் குழு 110 ஜோடி இரட்டையரைப் பரிசோதித்து, ஈறு நோயின் பல்வேறு அளவுகளில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 38 முதல் 82 சதவீதம்வரை மரபணுவால் விளக்கலாம் என்றது. 2000-இல் அதே ஆய்வாளர் 117 ஜோடிகளைப் பார்த்தபோது அந்தப் பங்கு சுமார் பாதி என்றார். ஈறழற்சியைப் பொறுத்தவரை மரபணுப் பங்கு எதையும் காணவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2019-ஆம் ஆண்டின் தொகுப்பு, இரட்டையர் ஆய்வுகளில் 38 சதவீதம், மற்றக் குடும்ப ஆய்வுகளில் 15 சதவீதம் என்று இறக்கியது. முழு மரபணுத் தொகுதியையும் அலசிய ஆய்வுகளில் அது ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு வந்தது.

எண் எதுவானாலும் இருக்கட்டும். பாதி என்றே வைத்துக்கொள்வோம். பாதி என்றால் என்ன பொருள்? ‘என் ஈறு கரைந்ததில் பாதி அப்பா கொடுத்தது, பாதி நான் செய்தது’ என்று அநேகம் பேர் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண் அப்படி எதையும் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், ஒரு குறிப்பிட்ட சூழலில், ஆட்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாட்டோடு பொருத்தலாம் என்பதுதான் அது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். யாருமே பல் துலக்காத ஊரில், எஞ்சும் வேறுபாடெல்லாம் மரபணுவின் கணக்கில் ஏறிவிடும். தனி மனிதரைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை. மாற்ற முடியுமா, முடியாதா என்பதைப் பற்றி அறவே பேசுவதில்லை.

இதற்கு ஈறிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்கும் மரபணு பெரும்பாலான விலங்குகளிடம் வேலை செய்கிறது. மனிதரிடம் அது பழுதானது. உங்களிடமும் என்னிடமும், உலகின் ஒவ்வொருவரிடமும் பழுது. அதனால்தான் பழமும் காய்கறியும் கிடைக்காத நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளின் ஈறு வீங்கி, ரத்தம் வடிந்து, பல் உதிர்ந்தது. ஸ்கர்வி என்ற அந்த நோய்க்கு அடியில் இருப்பது நூறு சதவீதம் பிறவிக் குறை. ஆனால் எல்லோரிடமும் ஒரே குறை இருப்பதால், ஆட்களுக்கிடையேயான வேறுபாட்டைக் கணக்கிட்டால் இந்தக் குறையின் பங்கு பூஜ்யம்! 1747-இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சில நாட்களில் எழுந்துவிட்டார்கள். மரபணு அப்படியேதான் இருந்தது. நம் ஊரில் ஒரு நெல்லிக்காய் செய்கிற வேலை அது. பிறவியில் வந்தது என்பதும் மாற்ற முடியாதது என்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சரி, குறிப்பிட்ட மரபணு எது என்று தேடியவர்களுக்கு என்ன கிடைத்தது? 1997-இல் கோர்ன்மன் குழு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்துக்கான மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட வடிவம் உடையவர்களுக்கு, அவர்கள் புகைக்காதவர்களாக இருந்தாலும், தீவிர ஈறு நோய் மிக அதிகம் என்று அறிவித்தது. சிறிய ஆய்வு, பெரிய எண். விரைவிலேயே வணிகச் சோதனை ஒன்று சந்தைக்கு வந்தது. 2000-இல் சீன வம்சாவளியினர் 300 பேரைச் சோதித்தபோது அந்த வடிவம் 2.3 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. சீன மக்களுக்கு ஈறு நோய் அபூர்வம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நோயின் போக்கை இந்த வடிவம் முன்கூட்டிச் சொல்லும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

இதன் உச்சம் 2013-இல் வந்தது. மிச்சிகனின் பல் காப்பீட்டுப் பதிவுகளில் 5,117 பேரை எடுத்து, புகைப்பழக்கம், நீரிழிவு, இந்த மரபணு வடிவம் மூன்றும் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டுமுறை பல் சுத்தம் செய்வதால் தனிப் பயனில்லை, ஒருமுறை போதும் என்று ஓர் ஆய்வு சொன்னது. இரண்டே ஆண்டில், 2015-இல், மரபியலாளர் ஸ்காட் டீலும் சகாக்களும் அதே விவரங்களை மறுபடி அலசி, மரபணுச் சோதனையை வைத்துத் தடுப்புச் சிகிச்சையைக் குறைப்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதினார்கள். இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். ‘உனக்குக் கெட்ட மரபணு’ என்று சொன்னால் ஒருவர் சோர்ந்து கைவிடுகிறார். ‘உனக்கு நல்ல மரபணு’ என்று சொன்னால் இன்னொருவர் தைரியமாகக் கைவிடுகிறார். இரண்டு பேருக்கும் பல் போகிறது.

பெரிய அளவிலான தேடல்களும் இதே கதையைத்தான் சொல்கின்றன. 2019-இல் பல நாடுகளின் தரவைச் சேர்த்து, ஈறு நோய் உள்ளவர்கள் 17,000-க்கும் மேற்பட்டோரை நோயில்லாத 28,000 பேரோடு ஒப்பிட்டு, மரபணுத் தொகுதி முழுவதையும் அலசினார்கள். சொத்தைப் பல்லோடு தொடர்புடைய 47 புதிய மரபணு இடங்கள் கிடைத்தன. ஈறு நோய்க்கு உறுதியான இடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இளம் வயதிலேயே தீவிரமாக வரும் வகையை மட்டும் எடுத்துக்கொண்ட ஜெர்மானிய ஆய்வுகளில் சில மரபணுக்கள் தென்பட்டன. அவற்றில் ஒன்று இதயத் தமனி நோயோடும் தொடர்புடையது. அந்த ஆராய்ச்சி மதிப்புள்ளது, தொடர வேண்டியது. ஆனால் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘இது உன் ஜீன்’ என்று சொல்லும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.

ஒற்றை மரபணுவே காரணமான ஈறு நோயும் இருக்கிறது; அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. 1924-இல் பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோயில், பால் பற்கள் முளைத்த சில ஆண்டுகளில் ஈறு அழுகிப் பற்கள் உதிர்கின்றன. நிலைப் பற்களுக்கும் அதே கதி. கூடவே உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். கெதெப்சின்-சி என்ற நொதிக்கான மரபணுவில் ஏற்படும் பழுதுதான் காரணம் என்பது 1999-இல் தெரிந்தது. கொச்சி யூதர்களிடையே காணப்பட்டு 1965-இல் விவரிக்கப்பட்ட ஹைம்-மங்க் நோய்க்கும் அதே மரபணுதான் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் வரும். ஆகவே மாமன் மகளையும் அக்கா மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் சமூகத்தில் இது கவலைக்குரிய விஷயம். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பற்கள் ஆடினால், உள்ளங்கையைப் புரட்டிப் பார்க்காமல் எந்த மருத்துவரும் அனுப்பிவிடக் கூடாது. ஆனால் இது பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்கு வருவது. நாற்பது வயதில் பல் ஆடுகிற அண்ணாச்சிக்கு இருப்பது இதுவல்ல. அபூர்வ நோயின் இரும்பு விதியை அன்றாட நோயின்மேல் ஏற்றுவதுதான் இந்த விவாதத்தில் நடக்கும் பெரிய மோசடி.

‘அப்படியானால் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் வரிசையாக எல்லோருக்கும்?’ என்ற கேள்வி நியாயமானது. ஒரு குடும்பம் மரபணுவை மட்டுமா பகிர்ந்துகொள்கிறது? ஒரே வெற்றிலைப் பெட்டி, ஒரே பீடிக்கட்டு, விரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போகும் ஒரே பழக்கம், பல் மருத்துவரிடம் போவதை வீண் செலவாகக் கருதும் ஒரே மனம். அமெரிக்காவில் 2000-இல் வெளியான கணக்கின்படி, புகைப்பவருக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு ஒருபோதும் புகைக்காதவரைப்போல் நான்கு மடங்கு. அந்நாட்டு ஈறு நோயில் பாதிக்கு மேல் புகைப்பழக்கத்தின் கணக்கில் போனது. புகையிலை இன்னொரு தீங்கும் செய்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஈறின் ரத்தக் கசிவை அது மறைத்துவிடுவதால், எச்சரிக்கை மணி அடிக்காமலேயே எலும்பு கரைகிறது. நீரிழிவும் குடும்பத்தில் ஓடுவதுதான். அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் செய்த ஆய்வில் நீரிழிவுள்ளவர்களுக்கு ஈறு நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் தமிழ்நாட்டில், அப்பாவுக்கும் மகனுக்கும் பல் ஆடினால் நான் முதலில் கேட்பது சர்க்கரை அளவைத்தான்.

குடும்பம் பாக்டீரியாவையும் பகிர்கிறது. எச்சில் வழியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. மொராக்கோவின் ரபாத் நகரில் பள்ளி மாணவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளணுக்களைக் கொல்லும் நச்சை மிகுதியாகச் சுரக்கும் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா வகை மட்டும் வாயில் இருந்தவர்களுக்கு ஈறு நோய் தொடங்கும் ஆபத்து 18 மடங்கு என்று கண்டது. அந்த வகையை அப்படி ஆக்கியது ஒரு மரபணு மாற்றம்தான். ஆனால் பாக்டீரியாவின் மரபணு. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது அப்பாவின் ரத்தத்தில் இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம்.

பல் மருத்துவ உலகமே இந்தப் பாடத்தைத் தன் வகைப்பாட்டில் எழுதிக்கொண்டுவிட்டது. 1999-இன் வகைப்பாட்டில் ‘தீவிர ஈறு நோய்’ என்று ஒரு தனி இனம் இருந்தது; குடும்பத்தில் பலருக்கு வருவது அதன் அடையாளங்களில் ஒன்று. 2018-இல் வெளியான புதிய வகைப்பாடு அந்தத் தனி இனத்தையே எடுத்துவிட்டது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று இரண்டு கேள்விகளை அது வைக்கிறது. வேகத்தை மதிப்பிடும்போது கணக்கில் கொள்ளச் சொல்லும் காரணிகள் இரண்டே: புகைப்பழக்கம், நீரிழிவு. நோயாளியின் மரபணு அந்த இடத்தில் இல்லை. நிபுணர்கள் உட்கார்ந்து எழுதிய வகைப்பாடு இப்படி இருக்க, தெருமுனை கிளினிக்கில் ‘ஜெனடிக்’ என்ற சொல் எப்படி இன்னும் நோய்க்குறிப்பாக நிற்கிறது?

என் கோபத்துக்குக் காரணம், இந்தச் சொல் வந்து நிற்கும் நேரம். இருபத்தைந்து வயதில் துலக்கும்போது ரத்தம் வருகிறது. எலும்பு இன்னும் முழுசாக இருக்கும் நேரம், எல்லாவற்றையும் திருப்பிவிடக்கூடிய நேரம். ‘நமக்கெல்லாம் ஈறு அப்படித்தான்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ்ஷை வைக்கப் பயந்து அவர் அந்த இடத்தையே விட்டுவிடுகிறார். முப்பத்தைந்தில் காரை கெட்டியாகிப் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிறது. யாரோ ‘க்ளீனிங் பண்ணாதே, பல்லு ஆடும்’ என்கிறார்கள். காரையை எடுத்தால் சிலருக்குப் பல் ஆடுவது தெரியும், உண்மைதான். எலும்பு முன்பே போய்விட்டது, காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்த கை பழியை ஏற்கிறது. நாற்பதில் பல்லைப் பிடுங்குகிறார்கள். ‘சொன்னேன் பார், பரம்பரை’ என்று நிரூபணமும் ஆகிவிடுகிறது. அடுத்த தலைமுறைக்கு இன்னொரு சாட்சி.

இப்படிப் பேசினால் நோயாளிமேல் பழி போடுவதாக ஆகாதா, ‘நீ துலக்கவில்லை, அதனால் போயிற்று’ என்று ஏழையைக் குற்றவாளியாக்குவது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. மலையகத்து 81 சதவீதம் பேர் சோம்பலால் பல் இழக்கவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் காரையை எடுத்துவிடவில்லை. காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது. அதற்கு ஒரு கையும் கருவியும் வேண்டும், அந்தக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பரம்பரை என்ற சொல் இந்தப் பொறுப்பிலிருந்து அரசையும் மருத்துவத்தையும் விடுவித்துவிடுகிறது. என் மறுப்பு அதற்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கை எட்டினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த விஷயம். சுவீடனில் 2005-இல் இரட்டையர் பதிவேட்டை வைத்து, ஈறு நோயில் மரபணுவின் பங்கு பெண்களுக்கு 39 சதவீதம், ஆண்களுக்கு 33 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதே சுவீடனில், கார்ல்ஸ்டாட் என்ற ஊரில், ஆக்செல்சனும் லின்டேவும் 1972-இல் தொடங்கி 30 ஆண்டுகள் ஒரே மக்களைக் கவனித்தார்கள். துலக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பற்களைத் தொழில்முறையில் சுத்தம் செய்தார்கள். ஆபத்து குறைந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறையும் அதிகம் உள்ளவர்களை அடிக்கடியும் அழைத்தார்கள். முப்பது ஆண்டு முடிவில் ஒருவர் இழந்த பற்கள், வயதுப் பிரிவைப் பொறுத்து, சராசரியாக 0.4 முதல் 1.8. அதிலும் பெரும்பகுதி வேர் முறிந்து போனது. ஈறு நோயால் போனது சொற்பம். மூன்றில் ஒரு பங்கு பரம்பரை என்று கணக்குச் சொன்ன நாட்டில்தான் இது நடந்தது. இரண்டு கணக்கும் சரி. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

ஆகவே ‘எங்க வீட்டுல எல்லோருக்கும்’ என்ற வாக்கியத்தை மருத்துவர் கேட்டதும் செய்ய வேண்டியது வேறு. மில்லிமீட்டர் குறி போட்ட, நுனி உருண்ட ஊசி போன்ற ஓர் அளவுக் கம்பி ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் இருக்கிறது. விலை மலிவு, வலியில்லை. மலையகத்தின் நாற்பதாண்டுக் கணக்கில், 30 வயதில் சராசரிப் பிடிப்பு இழப்பு 1.81 மி.மீ.க்குக் குறைவாக இருந்தவர்களே 60 வயதிலும் குறைந்தது 20 பற்களோடு இருக்க வாய்ப்பு அதிகம் உள்ளவர்களாகத் தெரிந்தார்கள். எல்லோர் விஷயத்திலும் அது சரியாக வராது. ஆனால் எந்த மரபணுச் சோதனையும் இதுவரை இவ்வளவுகூடச் செய்து காட்டவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதைப்போல, முப்பது வயதில் இந்தக் கம்பியும் எல்லோர் வாயிலும் ஒருமுறை வைக்கப்பட வேண்டும். அண்ணனுக்குப் பை விழுந்திருந்தால் தம்பியையும் தங்கையையும் அந்த வாரமே வரச் சொல்லி அளக்க வேண்டும். அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதாதென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைக்க வேண்டும். அப்பாவுக்குப் பல்செட் என்பதை அவர்களுடைய மருத்துவச் சீட்டின் முதல் வரியில் எழுதி வைக்க வேண்டும்.